வைத்தியர்களுக்குப் பாடம், ராஜாவுக்குச் சீயக்காய்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த நாளில், ஒரு நல்ல ராஜா இருந்தார். ஏழைகளுக்கு இலவச வைத்தியம், செலவெல்லாம் அரண்மனையுடையது என்று ஏற்பாடு செய்த புண்ணியவான். அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா? காலையில் கஷாயம் சாப்பாட்டுக்கு முன் என்பார். சாயங்காலம், பின் என்பார். ஒவ்வொரு தடவையும் முரசு அதிரும். முரசு கேட்டதும் வைத்தியர்கள் போட்டது போட்டபடி அரண்மனை மண்டபத்துக்கு ஓடிவர வேண்டும். புது ஆணையைப் பாடம் கேட்டு, எல்லோரும் மனப்பாடமாக ஒப்பித்த பிறகே நோயாளியைத் தொடலாம். மீறினால் சவுக்கடி. இந்த யோசனையைச் சொன்னவர் தலைமை வைத்தியர் திரியம்பகர்.

அரசவை விகடகவியின் பெயர் உலகப்பன். தொந்தியும் பயமும் ஒருசேர வளர்ந்த ஆள். கொஞ்சம் புகழ்ந்தால் போதும், கிணற்றில்கூடக் குதிப்பான். அவனைக் கண்டாலே திரியம்பகருக்கு வயிறு எரியும்; அதற்கு மட்டும் அவரிடம் மருந்து கிடையாது. ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! வைத்தியர்கள் பாடத்தில் தூங்கி வழிகிறார்கள். நாவன்மை படைத்த உலகப்பனாரே இனிப் பாடம் நடத்தட்டும். முரசும் அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும். எவரேனும் ஆணை மீறினால், பாடம் நடத்தியவரையும் நாடு கடத்த வேண்டும்."

உலகப்பன் காதில் 'நாவன்மை' வரைக்கும்தான் விழுந்தது. "சித்தம், சித்தம்" என்று தலையாட்டிவிட்டான். மிச்சத்தை வீட்டில் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டான். "ஊரே பேசுது, உங்களுக்கு மட்டும் கேக்கலையா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் பாடத்திலேயே வினை வந்தது. பாதியில் மருத்துவச்சி செல்லக்கிளி எழுந்து நின்றாள்.

"சாமி, நெசவுத் தெருவுல ஒரு பொண்ணு வலியில துடிக்குது. புள்ள குறுக்க கெடக்கு. முரசு அடிச்சீங்கன்னு பாதியில விட்டுட்டு வந்தேன். நான் போவணும்."

"இன்னும் ஒப்பிக்கலையே அம்மா..."

"போனா எனக்குச் சவுக்கடி. போவலேன்னா ரெண்டு உசுரு. நீங்களே சொல்லுங்க."

உலகப்பனுக்கு முதலில் நினைவு வந்தது அவன் சோறுதான். நாட்டை விட்டுத் துரத்தினால் யார் போடுவார்கள்? அப்படி நினைத்ததற்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது. "போ தாயே" என்றான். வீரம் ஒன்றுமில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு பதில் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் மாலைக்குள் திரியம்பகர் ராஜாவின் காதைக் கடித்துவிட்டார்.

"ஆணை என்றால் ஆணைதான். நாளை உச்சிப்பொழுதில் அவளுக்குச் சவுக்கடி, நீ எல்லையைத் தாண்ட வேண்டும்" என்றார் ராஜா.

உலகப்பன் கும்பிட்டான். "மகாராஜா, இதுவும் வைத்தியர்களைப் பற்றிய தங்கள் ஆணைதானே? வழக்கப்படி காலையில் முரசடித்து, பாடம் நடத்திவிட்டுப் போகிறேன்."

"நடத்து. ஓர் எழுத்தும் பிசகக் கூடாது!"

மறுநாள் சனிக்கிழமை, ராஜாவுக்கு எண்ணெய் முழுக்கு. அன்றைக்குத் தலைமை வைத்தியர் கையைத் தவிர வேறு கை அவர் மேல் படக் கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். திரியம்பகர் எண்ணெய் வைத்து, சீயக்காயை அள்ளி அப்பி, கரகரவென்று தேய்த்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்த நேரம் முரசு அதிர்ந்தது.

செம்பைப் போட்டுவிட்டு ஓடினார் திரியம்பகர். ஓடாவிட்டால் முதுகுத் தோல் உரியுமே!

மண்டபத்தில் உலகப்பன் நிதானமாக ஆரம்பித்தான். "சவுக்கடி என்றால் என்ன? முதலில் மாட்டுச் சவுக்கைப் பார்ப்போம். பிறகு குதிரைச் சவுக்கு..."

உள்ளேயிருந்து, "ஐயோ கண்ணு! ஐயோ என் கண்ணு!" என்று சத்தம் வந்தது.

"உலகப்பா, சீக்கிரம் முடியப்பா! மகாராஜா கதறுகிறார்!" என்று பதறினார் திரியம்பகர்.

"தாங்கள் இன்னும் ஒப்பிக்கவில்லையே, ஐயா. எழுந்தால் மீறல்."

ராஜாவே மொண்டு ஊற்றிக்கொள்ளலாமே என்கிறீர்களா? செம்பைத் தொட்டே அறியாமல் வளர்ந்தவர், பாவம். கடைசியில் இடுப்புத் துண்டோடு, எண்ணெய் வழிய, தூணில் முட்டிக்கொண்டு மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

"யாராவது கண்ணைக் கழுவுங்களய்யா!"

நாட்டிலுள்ள வைத்தியர்கள் அத்தனை பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். காவலர் நடுவே நின்ற செல்லக்கிளிதான் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எனக்கு ஏற்கெனவே அடி இருக்கு. ஒண்ணோட ரெண்டா இருக்கட்டும்" என்று கண்ணைக் கழுவிவிட்டாள்.

ராஜா சிவந்த கண்ணைத் திறந்தார். "பாடம் முடியாமல் தொட்டாயே, உனக்குப் பயமில்லையா?"

"வலிக்குதுன்னு கத்தினீங்க, ராசா. அந்தப் பொண்ணும் இப்படித்தான் கத்துச்சு."

ராஜா குனிந்து தன் கோலத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் போட்ட ஆணை என் கண்ணையே கரித்துவிட்டதே!"

தண்டனை இரண்டும் ரத்தாயின. இனி நோயாளியைக் கவனித்த பிறகுதான் பாடம். அதுவும் பௌர்ணமிக்கு ஒரு தடவை. செல்லக்கிளிக்குத் தங்கக் காப்பும் நெசவுத் தெருவில் ஒரு வைத்தியசாலையும் கிடைத்தன. அங்கே மருந்து இடிக்கும் வேலை திரியம்பகருக்கு.

"உலகப்பா, உன் துணிச்சலுக்கு என்ன வேண்டும், கேள்!"

"துணிச்சலா? முரசைவிட என் முழங்கால்தான் பலமாக அடித்துக்கொண்டது, மகாராஜா. பயத்தில் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. முதலில் சோறு போடச் சொல்லுங்கள்."

ராஜா அவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, பக்கத்தில் உட்கார வைத்து இலை போட்டார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தாமே செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். பாதி இலையில் கொட்டியது, பாதி புதுச் சால்வையில் கொட்டியது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.