இடுப்பை விட்டு இறங்கியவன்

“இந்த பிளக் பாயிண்ட் எல்லாத்தையும் மேல ஏத்தித் தர முடியுமா, முடியாதா?”

ஜெனோவா கேட்டாள். இடுப்பில் அவள் மகன் அந்தோ, பதினொரு மாதத்துப் பிள்ளை.

பக்கத்துத் தெருக் குழந்தை ஒன்று பிளக் பாயிண்டில் ஸ்பூன் காம்பை விட்டுச் செத்துப் பிழைத்தது. அப்போது அந்தோவுக்கு ஆறு மாதம். அன்று இடுப்பில் ஏறியவன்தான். தரையில் விட மனசு வரவில்லை.

வயரிங் வேலை பார்க்கும் மாரிக்கனி பையைக் கீழே வைத்தாள். ஜெனோவாவைவிட நாலு வயது இளையவள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்று தெருவில் அவளுக்குச் சாமியார் என்றே பெயர்.

“எவ்வளவு உசரத்துக்குக்கா?”

“இவன் கை எட்டாத உசரத்துக்கு.”

“இவன் வளரமாட்டானா?”

ஜெனோவாவுக்குச் சுருக்கென்றது. “சாமியாரே, வந்த வேலையைப் பாரு.”

“பாக்கேன். இடுப்பு கழண்டுராதாக்கா இப்படியே வச்சிருந்தா?”

“கழண்டா கழலட்டும்.”

ஜெனோவா மகனை மறுபக்க இடுப்புக்கு மாற்றினாள். பிறகு தானாகவே சொன்னாள்.

“இவங்க அப்பா கப்பல்ல இருக்காரு. போன் போட்டாலே, ‘தவழுதானா, ஒரு தடவை காட்டேன்’ங்காரு. நான் எதைக் காட்ட? எனக்கு மட்டும் ஆசை இல்லையா, மாரி?”

மாரிக்கனி அந்த ஒற்றை அறை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிளக் ஓட்டை தெரிந்த இடமெல்லாம் பிளாஸ்திரி. அயர்ன் பாக்ஸ் பீரோ மேல். மிக்ஸி பரண் மேல். மேசை விசிறி தாய் வீட்டுக்கே போய்விட்டது.

“ஒண்ணு விடலை, பாத்தியா?” என்றாள் ஜெனோவா.

மாரிக்கனி வாசல் பக்கம் போய் மெயினை இறக்கினாள்.

மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பிரிட்ஜின் முனகல் அடங்கியது.

“இப்ப இறக்கி விடுங்க.”

“மாரி...”

“வீட்லதான் கரண்டே இல்லையேக்கா.”

இறக்கிவிட்டாள். கையை எடுக்கத்தான் நேரமாயிற்று.

அந்தோ தரையைத் தட்டிப் பார்த்தான். தரை குளுகுளுவென்றிருந்தது. இரண்டு தரம் குப்புற விழுந்தான். மூன்றாம் தரம் முட்டியை மடக்கி, கொஞ்சம் பின்னால் போய், முன்னால் வந்து...

தவழ்ந்தான்.

“ஐயோ, அவரு பாக்கணுமே!”

ஜெனோவா ஓடினாள். கட்டிலோரம் போன் சார்ஜில் கிடந்தது. கப்பலுக்கு எப்போது டவர் கிடைக்கும், அவர் எப்போது கூப்பிடுவார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அந்த சார்ஜரை மட்டும் இரவும் பகலும் அவள் அணைத்ததே இல்லை.

வயரிலிருந்து போனைப் பிடுங்கினாள். வீடியோவை ஓடவிட்டாள்.

“பாருங்க, உங்க மகன் வாரான்! அம்மாகிட்ட வா, ராசா!”

போன் திரைக்குள் அவன் வந்துகொண்டிருந்தான். சிரித்தபடி வந்தான். பாதி வழியில் நின்றான்.

கட்டிலோரம் வயர் நுனி ஆடிக்கொண்டிருந்தது.

அங்கே திரும்பினான். எட்டிப் பிடித்தான். எச்சில் ஒழுகும் வாயில் வைத்துச் சப்பினான்.

ஜெனோவாவின் கண் வயரைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறியது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

வாசலிலிருந்து மாரிக்கனியின் குரல் வந்தது.

“மெயினைப் போடட்டுமாக்கா?”