மழை என்றொரு கோப்பு

ஜுலைகா டீச்சர் பாளையங்கோட்டையில் லினக்ஸ் கம்ப்யூட்டர் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் படிப்பவர்களில் நல்லசிவம்தான் மூத்தவர். டீச்சருக்கு அப்பா வயது. மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். சந்தேகம் கேட்டால் நின்றுகொண்டுதான் கேட்பார். உட்காருங்கள் என்று சொல்லிச் சொல்லி டீச்சருக்கு அலுத்துவிட்டது.

அன்று வீட்டுக் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சர், ஒரு கருவிக் கோப்பு செஞ்சேன். நீங்க சொன்ன மாதிரியே புரோகிராம் எழுதி, லினக்ஸோட மூளை, அந்தக் கர்னலை நேரா கூப்பிட்டுச் செஞ்சேன்."

"எம்கேநாடா?" கம்ப்யூட்டரோடு சேர்த்த கருவிக்கு ஒரு பெயரும் எண்ணும் கொடுத்து, வாசல் மாதிரி ஒரு கோப்பை உண்டாக்கும் கட்டளை அது.

"அதேதான். திறக்குது. எழுதினா வாங்கிக்கிடுது. படிக்கப் போனாத்தான் ஒண்ணும் வரமாட்டேங்குது."

"கோப்புக்கு என்ன பேரு வச்சீங்க?"

"மழை."

அது அவருடைய மகள் பூங்கோதை வைத்த பெயர். கல்லூரியில் படிக்கும்போது அவள் ஒரு மழைமானி செய்தாள். மொட்டைமாடியில் அதை மாட்டி, வயர் இழுத்து, இந்தக் கம்ப்யூட்டரில் சேர்த்தாள். மழை பெய்தால் திரையில் எண்கள் ஓடும். அப்பாவும் மகளும் பஜ்ஜி தின்றுகொண்டே பார்ப்பார்கள்.

பிறகு ஒரு நாள், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றார் இவர். அவள் மழைமானியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த பெண், படி ஏறவே இல்லை.

அப்புறம் டிஸ்க் கெட்டுப்போனதில் அந்தப் பெயரும் அழிந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் மனிதர் இந்த வயதில் படிக்க வந்தார். மீட்டர் இல்லாத வீட்டில் எதைக் கணக்கெடுப்பது என்று ஊரையே கேட்டவர், தன் வீட்டு விஷயத்தில் அதை மறந்துபோனார். அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சர் கோப்பின் விவரத்தைத் திரையில் வரவழைத்தார். எண் இருக்கும் இடத்தில் ஒன்று, மூன்று என்று இருந்தது.

"இந்த எண்ணை யார் சொன்னா?"

"மழைமானியோட பழைய எண் மனப்பாடம். அதைத்தான் முதல்ல குடுத்தேன். அப்படி ஒரு கருவி இல்லைன்னுட்டு. பிறகு வேற வேற எண்ணா மாத்தி மாத்திப் பாத்தேன். இதுதான் திறந்துச்சு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. நல்லசிவத்தின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அண்ணாச்சி, பேரை நாம இஷ்டத்துக்கு வைக்கலாம். அந்தப் பக்கம் யாருன்னு எண்தான் சொல்லும். ஒண்ணு, மூணுங்கிறது எல்லா மெஷின்லயும் இருக்கிற பாழுங்கிணறு. எதைப் போட்டாலும் முழுங்கிடும். ஒண்ணும் திருப்பித் தராது."

நல்லசிவம் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"அதுல என்ன எழுதினீங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன். பெறகு..." அவர் வேட்டி நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு எழுதினேன். தெனமும் அதைத்தான் எழுதுதேன்."

டீச்சர் கோப்பை அழித்தார். அதே பெயரில், பழைய எண்ணைக் கொடுத்து, புதிதாக ஒன்றைச் செய்தார். திறந்து பார்த்தார். அப்படி ஒரு கருவி இல்லை என்று வந்தது.

"இதுதான் உங்க மழைமானியோட எண்."

"இது விரட்டுதே டீச்சர்."

"விரட்டலை. ஆள் இல்லைன்னு சொல்லுது. மழைமானி இப்ப எங்க இருக்கு?"

"கோயமுத்தூர்ல. அவ வீட்டு மாடியில மாட்டியிருக்காளாம். அவங்க அம்மாகிட்ட பேசும்போது சொல்லியிருக்கா."

"நீங்க பேசுறதில்லையா?"

"இல்லை."

"அவ போன் நம்பர் தெரியுமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

நல்லசிவம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்த ஒண்ணு, மூணையே திரும்பப் போட்டுக் குடுத்துடுங்க டீச்சர். அதுகிட்ட என்ன சொன்னாலும் கேட்டுக்கிடும். கோவிச்சுக்கிடாது."

மேசையில் அவருடைய செல்போன் கிடந்தது. டீச்சர் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கோவிச்சுக்க ஆள் இருக்கிற பக்கம் சொல்லுங்க அண்ணாச்சி."