நண்டு வகுத்த கால்

குட்டை வற்றிக்கொண்டே வந்தது. பங்குனி இன்னும் முடியவில்லை. அதற்குள் தவளைகளின் முதுகு வெளியே தெரிந்தது. இரண்டு நாள் போனால் சேறும் காய்ந்துவிடும், தவளைகளும் காய்ந்துவிடும்.

தவளையின் நாக்குக்கு எட்டாத உயரத்தில், ஒரு கோரையின் நுனியில் உட்கார்ந்து தட்டான் சொன்னது: "பக்கத்திலே பெரிய ஏரி இருக்கிறது! உதிக்கிற சூரியனைப் பார்த்து நில்லுங்கள். வலப்பக்கம் இவ்வளவு திரும்புங்கள். அப்புறம் நேரே போங்கள்!"

"இவ்வளவு என்றால் எவ்வளவு?" என்று தவளைகள் கேட்டன. தட்டான் வாலை நீட்டிக் காட்டியது.

சேற்றில் கிடந்த நண்டுக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் தன்னைத் தவிர யாருக்கும் கணக்கு வராது என்பது அதன் எண்ணம். அந்தக் குட்டையைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை என்பது வேறு விஷயம்.

"வாலால் காட்டுவது ஓர் அளவா? நான் வகுக்கிறேன் அளவு! முழு வட்டத்தைப் பத்தாகப் பிரிக்கிறேன். ஒரு பங்குக்குப் பெயர் 'கால்'! எனக்குப் பத்துக் கால் இருக்கிறதல்லவா? ஏரிக்கு ஒரு கால் திரும்ப வேண்டும்!"

நண்டு பேசப் பேசவே தவளைகள் கத்திப் பாராட்டின. அவற்றுக்குப் புரியாத பேச்சென்றால் தனி மரியாதை. கத்திய கத்தலில் வட்டத்தைப் பத்தாகப் பிரித்த பேச்சு காதிலேயே விழவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே, குட்டையில் இருந்த ஆமை கேட்டது: "நண்டாரே, கிழக்கே பார்ப்பவன் தெற்கே திரும்ப எத்தனை கால்?"

"இரண்டரை!"

"அழகுதான்! தெற்கும் வடக்கும் உம் அளவில் முழுசாக விழவில்லையே! அதுவும் போகட்டும். கால் என்றால் நாலில் ஒன்று என்றுதானே எல்லாரும் நினைப்பார்கள்? பத்துதான் வேண்டுமென்றால், கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவே பத்தாகப் பிரித்துக்கொள்ளும். நாலு பங்கு திரும்பினால் ஏரி. தலைப்பிரட்டைகூடத் தப்பு செய்யாது!"

"உன் அளவில் என் பெருமை எங்கே இருக்கிறது?" என்று நண்டு சீறியது.

மறுநாள் சூரியன் உதித்தது. "எவ்வளவு திரும்ப வேண்டும்?" என்று முன்னால் நின்ற தவளை கேட்டது. "ஒரு கால்!" என்று நண்டு முழங்கியது.

"கால் என்றால் நாலில் ஒன்று. அவ்வளவுதானே!" என்று தவளைகள் நேர் தெற்கே திரும்பித் தாவின. ஆமை கூப்பிட்டுப் பார்த்தது. இரண்டே தவளைகள் அதன் பின்னால் வந்தன. மூன்றும் பொழுது சாயும்முன் ஏரியில் இறங்கின.

மற்றவை போன வழியில் வெறும் பாறைதான் இருந்தது. உச்சிவெயிலில் தோல் வறண்டு அத்தனையும் செத்தன. பாவம், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தட்டான் பறந்துவந்து சொன்னபோது நண்டு துளிகூட வருந்தவில்லை. "முட்டாள்கள்! தப்பாகத் திரும்பியிருக்கிறார்கள். என் அளவில் பிழையே கிடையாது. நானே போய்க் காட்டுகிறேன், பார்!"

அடுத்த நாள் விடியலில் அது தன் அளவுப்படி மிகச் சரியாகத் திரும்பி நின்றது. கண் இரண்டும் ஏரி இருந்த திசையைத்தான் பார்த்தன. பிறகு நடந்தது, நண்டு நடக்கிறபடி பக்கவாட்டில்! கண் ஏரியைப் பார்க்க, உடம்பு பாறைக் கரட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே காக்கைகள் பசியோடு உட்கார்ந்திருந்தன.

ஊர் நடப்பதற்கான அளவைத் தன் பெருமைக்காக வகுப்பவன், ஊரையும் கெடுத்துத் தானும் கெடுவான்.