கிழக்குக் கரைச் சங்கமும் ஆறு முட்டைகளும்

நெல்லிக்காட்டு ஏரியின் கிழக்குக் கரையில் செவந்தி என்றொரு நண்டு வளை தோண்டிக் குடியிருந்தது. ஒரு நாள் காலை கண் விழித்தபோது வளைக்குள் 'சொட்... சொட்...' என்று சத்தம் கேட்டது.

காரணம் செவந்திக்குத் தெரியும். கோடை வெயில் தாங்காமல் வளையை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆழமாக்கிக்கொண்டே போனது அதுதான். வளை கரையின் மறுபக்கம் வரை போய்விட்டது. இப்போது மழைக்காலம். நிறைந்து நின்ற ஏரித் தண்ணீர் அந்த வளை வழியாகவே மறுபக்கத்துப் பள்ளத்தில் கசிந்துகொண்டிருந்தது.

செவந்தி சேற்றை அள்ளி அடைத்தது. மறுநாளும் சொட்டியது. யாரிடமாவது சொல்லலாமா? 'ஐயோ, கரையில ஓட்டை போட்டவள்னு துரத்திடுவாங்களே! அப்புறம் எங்கே போவேன்?' என்று பயந்து வாயை மூடிக்கொண்டது.

மூன்றாம் நாள் கிழக்குக் கரைக் குடியிருப்போர் நலச் சங்கம் கூடியது. இந்தச் சங்கம் எதற்கெடுத்தாலும் கூட்டம் போடும். கூட்டம் போட்டால் கோஷம் போடும். கடைசியில் எல்லாம் ஈரமண்ணில் கால் பதித்துத் தீர்மானம் போடும். கால் பதித்தாகிவிட்டதா? காரியம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடும்! தலைவர் பொன்னரசு என்ற உடும்பு. செயலாளர் தொப்பையன் என்ற பெருச்சாளி.

அன்று சின்னமணி என்ற காடை பதறியடித்து ஓடி வந்தது.

"தலைவரே! பள்ளத்துல என் கூட்டுப் பக்கம் தண்ணி வருது! ஆறு முட்டை வச்சிருக்கேன். பொரிய இன்னும் நாலு நாள் ஆகும். எனக்குச் சிறகு இருக்கு, பறந்துடுவேன். முட்டைக்கு ஏது சிறகு?"

செவந்தியும் தன் வயிற்று மடிப்பில் முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தது. காடையின் முகத்தைப் பார்க்க அதற்குத் தைரியம் வரவில்லை.

"கரையை யாரோ குடைஞ்சிருக்காங்க!" என்றது உடும்பு. "நம்ம ஆளுங்க அப்படிச் செய்வாங்களா?"

"மாட்டாங்க! மாட்டவே மாட்டாங்க!" என்று பெருச்சாளி எல்லோருக்கும் முந்திக்கொண்டு கத்தியது.

"போன வாரம் புதுசா குடிவந்தது யாரு?"

"நீர்நாய்!"

அவ்வளவுதான். "வெளியேறு! வெளியேறு! நீர்நாயே வெளியேறு!" என்று கரையே அதிர்ந்தது. கரையில் குடியிருந்த கீரி தொண்டை கட்டும்வரை கத்தியது. செவந்தியும் கத்தியது. கத்தாவிட்டால் தன்மேல் சந்தேகம் வந்துவிடுமே! ஈரமண்ணில் கால் பதித்தபோது அதிகத் தடம் விழுந்ததும் செவந்தியுடையதுதான். அதற்குத்தான் எட்டுக் கால் ஆயிற்றே.

நீர்நாயின் பெயர் மாறன். அது ஊர்வலத்தைப் பார்த்துத் திகைத்து நின்றது.

"நான் குடியிருக்கறது அந்தப் பாறை இடுக்குல. கரையைத் தோண்ட எனக்கு என்ன தலையெழுத்து? தண்ணிக்கு அடியில வந்து பாருங்க, எத்தனை ஓட்டைன்னு நானே காட்டறேன்!"

"எங்களுக்கே பாடம் எடுக்கறியா?" என்று சீறியது கீரி. மாறன் மேற்குக் கரைக்கு நீந்திப் போய்விட்டது.

அன்று மாலை பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. செவந்தியின் வளைக்குள் சொட்டு போய் ஒழுக்கு வந்தது. நீர்நாய்தான் போய்விட்டதே, இன்னும் ஏன் தண்ணீர் வருகிறது என்று மற்றவர்கள் கேட்டால்? செவந்தி இரவெல்லாம் சேற்றை அள்ளி அள்ளி அடைத்தது.

விடிந்ததும் காடை அலறியது. "தண்ணி கூட்டைத் தொட்டிடுச்சு! யாராவது வாங்களேன்!"

சங்கம் கரைமேல் கூடியது. செவந்தி ஓடிப்போய்த் தன் வளையின் வாயை மறைத்து உட்கார்ந்துகொண்டது.

"எல்லாரும் வரிசையா நடந்து கரையைச் சோதிக்கலாம்!" என்று உடும்பு உத்தரவு போட்டது.

யாரும் நடக்கவில்லை.

"செயலாளரே, நீங்க முன்னாடி போங்க!"

"எனக்கு மூட்டு வலி" என்றது பெருச்சாளி, உட்கார்ந்த இடத்திலேயே.

"கீரி, நீ போ!"

"நான் இங்கிருந்தே பார்த்துக்கறேன்!"

"அப்ப நீங்களே போங்க தலைவரே!" என்று பள்ளத்திலிருந்தே கத்தியது காடை.

"தலைவர் நடுவில் இருக்கணும்!" என்று சொன்ன உடும்பு இம்மியும் அசையவில்லை.

அப்போதுதான் செவந்திக்குச் சுரீரென்று உறைத்தது. ஒவ்வொன்றும் உட்கார்ந்திருப்பது அதனதன் ஓட்டையின் மேல்! ஒரு வளைக்கே இவ்வளவு தண்ணீர் என்றால் இத்தனை வளைக்கும்? செவந்தியின் அடியில் மண் லேசாக நடுங்கியது. பள்ளத்தில் காடை சிறகால் முட்டைகளை அணைத்துக்கொண்டு நின்றது.

செவந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு நகர்ந்தது.

"இது என் ஓட்டை! நான்தான் தோண்டினேன்! மூணு நாளா தெரியும். பயந்துக்கிட்டுச் சொல்லலை!"

துரத்தப்போகிறார்கள் என்று செவந்தி உடம்பைச் சுருக்கிக்கொண்டது. பெருச்சாளி மெல்ல எழுந்து நகர்ந்தது. அதன் கீழே பெரிய பொந்து!

"என்னோடது... இடதுபக்கம் திரும்பிப் போகும். மூணு முழம்" என்று முனகியது. பிறகு கீரி நகர்ந்தது.

"இவ்வளவையும் வெளியிலிருந்து அடைக்க முடியாது. தண்ணிக்கு அடியில மூழ்கி அடைக்கணும்" என்றது செவந்தி. "அதுக்கு மாறன்தான் வேணும்!"

காடை மேற்குக் கரைக்குப் பறந்தது. கோஷம் போட்ட அதே வாயால் கெஞ்சியது. மாறன் கேட்டது ஒன்றுதான்.

"முட்டை எத்தனை?"

"ஆறு!"

மாறன் தண்ணீரில் பாய்ந்தது. தோண்டியவர் வழி சொல்ல, செவந்தி களிமண் உருட்டித் தர, மாறன் முங்கி முங்கி அடைத்தது. ஒழுக்கு ஒவ்வொன்றாக நின்றது. ஆனால் பள்ளத்தில் தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

எல்லாக் கண்களும் உடும்பின் பக்கம் திரும்பின.

"தலைவரே, நகருங்க!" என்றது செவந்தி.

"எனக்கா? ஓட்டையா? சங்கத் தலைவரைப் பார்த்து என்ன பேச்சு இது!" உடும்பு நான்கு காலாலும் மண்ணைக் கவ்விக்கொண்டது. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறோம்! பெருச்சாளியும் கீரியும் வாலைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை.

கரை உடையப்போகிறது என்று மாறனுக்குப் புரிந்துவிட்டது. பள்ளத்துக்கு ஓடி, முட்டைகளை முன்னங்கால்களால் ஒவ்வொன்றாக எடுத்து மேட்டில் வைத்தது. ஒன்று... இரண்டு... ஐந்தாவதை வைத்துவிட்டுத் திரும்பியபோது 'மளார்' என்று கரை பிளந்தது. சரியாக உடும்பின் காலடியில்! உடும்பையும், ஆறாவது முட்டையையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

மற்ற ஓட்டைகள் அடைபட்டிருந்ததால் அந்த ஒரு பிளவோடு போயிற்று. எல்லாம் சேர்ந்து மண் தள்ளி மாலைக்குள் அதையும் மூடிவிட்டன. உடும்பு தொலைவில் ஒரு முள்புதரில் உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஆறாவது முட்டை கிடைக்கவேயில்லை.

மூன்று நாள் கழித்து ஐந்து குஞ்சுகள் பொரிந்தன. செவந்தி தூறலில் நனைந்தபடி பார்க்கப் போனது.

"முதல் நாளே சொல்லியிருந்தா ஆறாவதும் இருந்திருக்கும். என்னை மன்னிச்சிடு" என்றது.

காடை ஐந்து குஞ்சுகளையும் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு, "உள்ள வா, நனையாதே" என்றது.

இப்போதும் கிழக்குக் கரையில் சங்கம் கூடுகிறது. ஆனால் ஈரமண்ணில் கால் பதிக்கும் முன்பு ஒவ்வொன்றும் தன் வளையைத் திறந்து காட்டவேண்டும். முதலில் காட்டுவது செவந்தி.

தன் வீட்டு ஓட்டையை மறைத்துக்கொண்டு அடுத்தவர்மேல் பழி போடுகிறவர் ஊரையும் காப்பாற்ற மாட்டார், தானும் தப்ப மாட்டார்.