நீலத் துண்டு

வேலப்பன் மடத்துக்கு வந்ததே ஒரு பதிலை வாங்கிக்கொண்டு உடனே திரும்பத்தான். மடியில் ஒரு நீலக் கழுத்துத்துண்டு இருந்தது. காலையில் அதிகாரி வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனது. அவனும் கை நீட்டி வாங்கிக்கொண்டான். நாளை விடிந்ததும் அதை மகள் பூவிழியின் கழுத்தில் கட்டி, அரசாங்கத்தின் சிறுவர் படையான தளிர்ப்படைக்கு அனுப்ப வேண்டும். அவளுக்கு ஒன்பது வயசு.

அந்தப் படை தளபதி ஆண்ட காலத்தில் இருந்தது. தளபதி செத்ததும் கலைத்துவிட்டார்கள். இப்போது தளபதியின் மகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். படையும் திரும்பி வந்துவிட்டது.

குருவும் காளத்தி, செங்கமலம் என்ற இரண்டு சீடர்களும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். வேலப்பனும் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டான்.

"பிள்ளையை அனுப்பட்டுமா, சாமி?"

"நீ அதுல இருந்தவன்தானே. எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னான். ஒன்றைச் சொன்னதும் மற்றதெல்லாம் கொட்டியது. ஆற்று மணலில் அணிவகுப்பு. முரசடிக்கிற முறை தனக்கு வந்த நாள். அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் பாடும்போது நெஞ்சுக்குள் ஒன்று விம்முமே, அது. இருட்டுகிற நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். வீட்டில் காதில் விழுந்ததில் ஏதாவது ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொன்னால் கடலை மிட்டாய்.

"என்னத்தைச் சொல்லுவீங்க?"

"என்னத்தையாவது. பக்கத்து வீட்டுக்காரர் வந்தாரு, அப்பா விலைவாசியைத் திட்டினாரு. சின்னப் பிள்ளைங்க பேச்சுதானே, சாமி. அந்த மிட்டாய் ருசி இன்னும் நாக்குல இருக்கு."

"வீடு எப்படி இருந்துச்சு?"

"அது ஒரு வீடா? அப்பா அம்மா ரெண்டு பேரும் ஊமைங்க மாதிரி. ஒரு பேச்சு கிடையாது, ஒரு சிரிப்பு கிடையாது. அதனாலதான் நான் படையே கதின்னு கிடந்தேன்."

குரு அவன் பக்கம் குடத்தை நகர்த்தினார். "தண்ணி கொண்டா."

கிணறு பின்பக்கம். அவன் இறைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே சிரிப்பு வெடித்தது. காளத்தி என்னவோ சொல்கிறான், செங்கமலம் மூச்சு முட்டச் சிரிக்கிறாள். என்னவென்று தெரியாமலே வேலப்பனுக்கும் சிரிப்பு வந்தது. குடத்தோடு வாசலில் கால் வைத்தான்.

பேச்சு நின்றது. மொச்சைத் தோல் உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"செடிக்கு ஊத்திட்டு இன்னொரு குடம் கொண்டா," என்றார் குரு.

மறுபடி சிரிப்பு. மறுபடி வாசல். மறுபடி தோல் உடைகிற சத்தம்.

குடத்தைத் தொப்பென்று வைத்தான். "என்னைப் பத்தித்தானே பேசுறீங்க? மூஞ்சிக்கு நேரா பேசுங்களேன்!"

காளத்தி நெளிந்தான். "சாமியோட வேட்டியை ஆடு தின்ன கதைண்ணே. நீங்க வந்தா நிறுத்தணும்னு சொன்னது சாமிதான்."

"ஏன் சாமி?"

"இந்த மாதிரி அமைதியை இதுக்கு முன்னால எங்க கேட்டிருக்க?"

வேலப்பன் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

சின்ன வயசில் படை முடிந்து, கன்னத்தில் மிட்டாயை அடக்கிக்கொண்டு தெருவில் வருவான். ஜன்னல் வழியாக அப்பாவின் சிரிப்பு கேட்கும். அப்பாவுக்குப் பெரிய சிரிப்பு. இவன் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் அது நின்றுவிடும். அம்மா, "வந்துட்டியா, சாப்பிடு" என்பாள். அவ்வளவுதான். சாகும்வரை அவ்வளவுதான். அவன்தான் இத்தனை வருஷமாக அவர்களை ஊமைகள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

நேற்று ராத்திரிகூட, தளபதியின் மகன் எப்படி நடப்பார் என்று அவன் நடந்து காட்டினான். பூவிழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வேலப்பன் ஒரு மொச்சையை எடுத்து உரித்தான். "அனுப்பலைன்னா அரசாங்கக் கிடங்கு வேலை போயிடும், சாமி."

"போகும்."

"அந்தப் பாட்டு மட்டும் இப்பவும் நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

"நல்லா இல்லாட்டி எந்தப் பிள்ளை போகும்?"

வேலப்பன் மடியிலிருந்து துண்டை எடுத்தான். அதை மொச்சைத் தோல் குவியல்மேல் போட்டுவிட்டு எழுந்தான். வாசல்வரை போயிருப்பான்.

"அதை இங்க போட்டுட்டுப் போகாதப்பா," என்றார் குரு. "கை நீட்டி வாங்கினவன் நீ. அந்த அதிகாரிகிட்ட நீயே கொண்டுபோய்த் திருப்பிக் குடு."