நோன்பு அதிரசத்துல பட்ட கண்ணு

எண்ணெய்ல போட்ட அதிரசம் உப்பி மேல வரும்னு பார்த்தா, நாலாப் பக்கமும் பிரிஞ்சு போச்சு! சட்டி முழுக்க நுரை. ரஞ்சிதம் கரண்டியை விட்டு அள்ளினா, கருகின தூள்தான் வந்துது.

அதுக்கு ஒரு மூச்சு முன்னாடிதான் முதுகுக்குப் பின்னால அந்தக் குரல் கேட்டுது.

"ஆகா! வாசனை தெருமுனை வரைக்கும் தூக்குதே அக்கா! உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்!"

ரஞ்சிதம் திரும்பினா. சாத்தி வச்ச அடுப்படிக் கதவு திறந்து கிடக்கு. நிலைப்படியில பரிமளா, அவளோட ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி. முகமெல்லாம் சிரிப்பு. கண்ணு ரெண்டும் சட்டி மேலயே இருக்கு.

"கண்ணை எடுடி அங்கேருந்து!"

பரிமளாவுக்குச் சிரிப்பு பாதியில நின்னுது. "என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? நீ வந்தே, ஆச்சு!"

மறுநாள் கேதாரகௌரி நோன்பு. புருஷன் நல்லா இருக்கணும்னு பொம்பளைங்க எடுக்குற நோன்பு. அதுக்குச் சுடுற அதிரசம் பிரிஞ்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு அந்தத் தெருவே நம்பும். அதனாலதான் கதவைச் சாத்திட்டு, வாயைப் பொத்திக்கிட்டுச் சுடுவாங்க. ரஞ்சிதத்தோட வீட்டுக்காரர் வேற லாரி எடுத்துக்கிட்டு விஜயவாடா போயிருக்கார். காலையிலேருந்து போன் போட்டா எடுக்கல.

ரஞ்சிதம் கருகின தூளை வழிச்சுக் கொட்டினா.

இன்னொண்ணு தட்டிப் போட்டா. அதுவும் போச்சு! பரிமளா இன்னும் அங்கேயேதான் நிக்கிறா.

அப்பதான் ஒண்ணொண்ணா ஞாபகம் வர ஆரம்பிச்சுது. முருங்கை என்னமா பூத்துக் கிடக்குன்னு இவதானே சொன்னா? மறுநாளே மரம் பூரா கம்பளிப்பூச்சி. பால் என்ன கெட்டின்னா, அன்னிக்கே திரிஞ்சுது. போன வருஷம், "அக்காவுக்கு இந்த வயசுலயும் முடியைப் பாரு"ன்னா. இப்ப சீப்பு நிறைய முடி. எல்லாம் இவ கண்ணுதானா! இத்தனை வருஷம் ஒரே அடுப்புல சமைச்சும் தெரியாமப் போச்சே!

"பரிமளா, நீ பாராட்டின எதாவது உருப்பட்டிருக்காடி?"

"நல்லா இருக்கிறதை நல்லா இருக்குன்னு சொன்னேன். அது தப்பாக்கா?"

"அதைத்தான் சொல்றேன். உன் வாய்ல நல்ல வார்த்தை வந்தாலே எனக்கு பயமா இருக்கு."

"உங்க சாம்பாரை நான் ஒருநாள்கூட பாராட்டினதில்லையே. அது மட்டும் ஏன் அப்படி இருக்கு?"

ரஞ்சிதத்துக்கு முகம் ஜிவுஜிவுன்னு ஆயிடுச்சு. "போடி வெளியே! இனிமே இந்த அடுப்படிப் பக்கமே வராதே!"

பரிமளா நிலைப்படியை விட்டு இறங்கினா.

"சரிக்கா. நோன்பை எங்க அண்ணன் வீட்டுலயே எடுத்துக்கிறேன். திருப்பூர்லேருந்து என் வீட்டுக்காரர் வந்ததும் தனி வீடு பார்க்கச் சொல்லிடுறேன்."

உள்ள போனா. துணிப்பையை உதறுற சத்தம் கேட்டுது.

ரஞ்சிதம் அடுப்பை அணைச்சா. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு நேரா மடத்துக்கு ஓடினா.

தெருக்கோடியில இருக்கு அந்தச் சின்ன மடம். பெரிய சாமி போனதுக்கப்புறம் இப்ப இருக்கிற சாமிக்கு முப்பது வயசுகூட இருக்காது. ரஞ்சிதத்தோட மூத்த பையன் வயசு. ஆனாலும் அவருக்கு முதல் சிஷ்யை இவதான். வெள்ளிக்கிழமை தவறாம ஏதாவது பலகாரம் எடுத்துட்டுப் போய், பாடம் கேட்டுட்டு வருவா.

சாமி கிணத்தடியில வேட்டி துவைச்சுக்கிட்டிருந்தார்.

"சாமி, ஒரே ஒரு கேள்வி. கண்ணு படுறதுன்னு ஒண்ணு உண்டா, இல்லையா?"

"யார் கண்ணும்மா?"

அவ்வளவுதான். அதிரசம், முருங்கை, பால், முடின்னு எல்லாத்தையும் கொட்டித் தீர்த்துட்டா. சாமி துவைக்கிறதை நிறுத்தாமலே கேட்டார்.

"வேணும்னே செய்யுறாங்களா?"

"இல்ல சாமி. அவளுக்கே தெரியாது. அதுதான் இன்னும் ஆபத்து!"

"இப்ப அவங்க எங்க?"

"பை கட்டுறா. முசிறிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். போனா திரும்பி வரமாட்டா சாமி, ரோஷக்காரி." ரஞ்சிதத்துக்குக் குரல் கொஞ்சம் இறங்கிச்சு. "கொழுந்தன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? வீடே ரெண்டாயிடும். அதுக்காக, கண்ணு வைக்கிறவளைக் கூடவே வச்சுக்க முடியுமா? உண்டு, இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் முடிவு பண்ணிடுவேன்."

சாமி வேட்டியைப் பிழிஞ்சு கொடியில போட்டார்.

"மாவு மிச்சம் இருக்கா?"

"இருக்கு. ஏன் சாமி?"

"சுடுங்க. நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்."

"அதிரசம் சுடுறப்ப யாரும் உள்ள..."

"நான் வந்தா ஆகாதா?"

"ஐயையோ! நீங்க வந்தா நல்லதுதான் சாமி. உங்க பார்வை பட்டா இருக்கிற தோஷமும் ஓடிடும்."

வீட்டுக் கூடத்துல பரிமளா பையோட உட்கார்ந்திருந்தா. சாமியைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டா. ரஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கிட்டா, ஆனா கண்ணு மட்டும் பைப் பக்கம் போச்சு. ஏன் இவ்வளவு குண்டா இருக்கு? என் இட்லித் துணியும் உள்ள போயிருக்குமோ?

அடுப்படியில சாமி உட்காரவே இல்ல. நேரா அடுப்புப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டார்.

ரஞ்சிதம் எண்ணெயைக் காய வச்சா. வாழையிலையில உருண்டையை வச்சுத் தட்டினா. சாமி குனிஞ்சார். விட்டா சட்டிக்குள்ளயே விழுந்துடுவார் போல!

"ஆகா! என்ன நிறம்! என்ன வாசனை! காலையிலேருந்து பட்டினி கிடக்கிறவனுக்கு இதைப் பார்த்தா நாக்குல தண்ணி ஊறுதே!"

ரஞ்சிதம் அவசரமா இலையைச் சட்டி மேல சாய்ச்சா.

கூடத்துலேருந்து பரிமளா சத்தம் போட்டா. "சாமி, வாயைத் திறக்காதீங்க! உங்களையும் பை கட்ட வச்சுடுவாங்க!"

அதிரசம் இலையிலேருந்து வழுக்கி எண்ணெய்ல விழுந்துது. ஒரு நொடி முழுசா நின்னுது. அப்புறம் நாலாப் பக்கமும் பிரிஞ்சு போச்சு.

எண்ணெய் மட்டும் சலசலன்னுது.

ரஞ்சிதம் மெதுவாத் தலையைத் திருப்பி சாமியைப் பார்த்தா. அவ மனசு அதுபாட்டுக்கு வேலையை ஆரம்பிச்சுடுச்சு. போன வெள்ளிக்கிழமை சுண்டலைத் தின்னுட்டு ஆகா ஓகோன்னது இவர்தானே? மறுநாளே மிக்ஸி புகைஞ்சுதே! அப்போ...

"என்னம்மா அப்படிப் பார்க்கிறீங்க? என் கண்ணுதானா?"

"சீச்சீ! என்ன பேச்சு சாமி இது!"

"உள்ள வந்தேன். பார்த்தேன். பாராட்டினேன். பிரிஞ்சு போச்சு. மடத்தைப் பூட்டிட்டு நான் வேற ஊர் பார்த்துக்கிறேன்."

"ஐயோ சாமி! ஒரு அதிரசத்துக்கா இந்தப் பேச்சு?" ரஞ்சிதம் பதறிப் போய் பலகையை இழுத்துப் போட்டா. "முதல்ல உட்காருங்க. இது யார் கண்ணும் இல்ல. பாகு இளசாப் போச்சு, அவ்வளவுதான். அன்னிக்கு அவர் லாரிக்குக் கிளம்புற அவசரத்துல பதம் வர்றதுக்குள்ள இறக்கிட்டேன். இப்ப ஒரு பிடி அரிசி மாவு தூவிப் பிசைஞ்சா சரியாப் போயிடும். இதுக்குப் போய் ஊரை விட்டுப் போறேங்கிறீங்களே!"

சொல்லிக்கிட்டே டப்பாவைத் திறந்து ஒரு பிடி மாவு அள்ளினா.

வாசல்ல பரிமளா செருப்பை மாட்டுற சத்தம் கேட்டுது.

சாமி பலகையில உட்கார்ந்து, ரஞ்சிதத்தோட கையைப் பார்த்தார்.

"அந்த ஒரு பிடி மாவு அவங்க வந்து நின்னப்ப வீட்டுல இல்லையாம்மா?"