எறும்புக்குத் தெரிந்த ரம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், கரும்புத் தோட்டத்து ரம் ஆலையில் பீப்பாய் கழுவுகிறவன் கொளஞ்சி. அங்கே ருசி பார்க்க லண்டனிலிருந்து வந்து இறங்கினார் விட்கோம் துரை. ஒரு மிடறு போதுமாம், சரக்கின் வயதைச் சொல்லிவிடுவாராம்.

இருபது வருஷச் சரக்கு என்று சொல்லி, இரண்டு பீப்பாயிலிருந்து இரண்டு கோப்பை வைத்தார் மேனேஜர். முதலாவதை உறிஞ்சிக் கண்ணை மூடினார் துரை. "ஆஹா, இதுவல்லவா இருபது வருஷம்!" இரண்டாவதைத் துப்பிவிட்டு, பீப்பாயருகே நின்ற கொளஞ்சியைக் காட்டினார். "இது புதுசு. பழையதைக் குடித்துவிட்டு இந்தப் பயல் ஊற்றி வைத்திருக்கிறான். ஜெயிலில் போடுங்கள்!"

"மாத்திச் சொல்றீங்க தொரே," என்றான் கொளஞ்சி.

"அப்படியா? வாயில் வைக்காமல் நிரூபி, பார்ப்போம்."

இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்து ஜன்னல் கட்டையில் விட்டுவிட்டுக் கைகட்டி நின்றான் கொளஞ்சி. கொஞ்ச நேரத்தில் துரை புகழ்ந்த சொட்டை எறும்பு மொய்த்தது. மற்றதை ஒன்றுகூடச் சீண்டவில்லை.

"பழைய ரம்முக்கு மரத்துல ஊறித்தான் நெறம் வரும் தொரே, இனிப்பு இருக்காது. நீங்க ரசிச்சது போன மாசம் வடிச்சது. சர்க்கரையக் கருக்கி நான்தான் நெறம் ஏத்துனேன், மேனேஜர் தொரை சொல்லி."

மேனேஜர் கூரையைப் பார்த்தார். விட்கோம் துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மொதல்ல வாயத் தொடச்சுக்குங்க தொரே," என்றான் கொளஞ்சி. "எறும்பு அடுத்து அங்கதான் வரும்."